கொழிஞ்சாம்பாறை வீட்டைக் காலி செய்கிறோம்: பத்தாயம், பித்தளை, தமிழ்ப் புத்தகங்களை என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கேரளாவில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவள் நான். வீட்டுக்காரர் விவசாயம். இரண்டு பேருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை, எனக்கு ராத்திரி கண் சரியாகத் தெரிவதில்லை. மகள் கோயம்புத்தூரில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை ஃப்ளாட் பார்த்துவிட்டாள். பூமியைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. வீட்டை விற்பதாக இருக்கிறோம்.

மாமனார் கட்டின ஓட்டு வீடு. ஆசாரம், திண்ணை, மச்சு, பின்னால் கட்டுத்தறி. நெல்லும் நிலக்கடலையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய காலத்துக்கு ஏற்ற வீடு. அந்தச் சாமான்களெல்லாம் இன்னும் அப்படியே இருக்கின்றன.

பெரியது பத்தாயம். பலாப்பலகை. அதில் நெல் கொட்டி வெகு காலம் ஆகிறது, இப்போது பழைய சாக்குதான் கிடக்கிறது. அப்புறம் நெல் அளக்கும் பறை, இடங்கழி, நாழி மூன்றும் இருக்கின்றன. மச்சில் கல்யாணச் சமையலுக்கான அண்டா, குண்டா, உருளி, ஜோடுதவலை. அவற்றில் எது பித்தளை, எது வெண்கலம் என்று எனக்கே முழுசாகத் தெரியாது. இரண்டு பீரோ நிறையத் தமிழ்ப் புத்தகங்கள், நான் பாடம் நடத்திய பாடநூல்கள், பிள்ளைகளுக்காகச் சேர்த்த சிறுவர் பத்திரிகைகள். ட்ரங்க் பெட்டியில் காகிதங்கள். சுவர் முழுக்கப் படங்கள். மாமனாரின் அப்பா வைத்தியம் பார்த்தவர், அவருடைய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று பூஜை அறையில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் மகன் "எல்லாத்தையும் குடுத்துருங்கம்மா" என்கிறான். யாருக்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் எதையும் எடுக்க விடமாட்டேன் என்கிறார். நான் அவர் பக்கமும் இல்லை, மகன் பக்கமும் இல்லை. இந்தப் பொருள்கள் எல்லாம் யாரோ ஒருத்தர் கையில் புழங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நாங்கள் போன பிறகு பிள்ளைகள் லீவு கிடைக்காமல் ஓடிவந்து, ஒரே நாளில் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்க்காரரைக் கூப்பிட்டு மொத்தமாகத் தூக்கிப் போடுவதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. என் கை காலுக்குத் தெம்பு இருக்கும்போதே நானே பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கே ஆரம்பிக்கலாம்? பித்தளையை எடைக்குப் போடுவதா? புத்தகங்களை யார் வாங்கிக்கொள்வார்கள்? செய்து முடித்தவர்கள் சொல்லுங்கள்.

கொல்லங்கோட்டுக்காரர் பதில்:

டீச்சர், வணக்கம். நான் வில்லேஜ் ஆபீஸில் வேலை பார்த்தவன். அம்மா காலமான பிறகு எங்கள் வீட்டை நானும் மனைவியும்தான் ஒழித்தோம். பத்தாயம், படங்கள் பக்கமெல்லாம் இப்போதே போகாதீர்கள். மனசு ஒட்டாத சாமானில் ஆரம்பியுங்கள்: தேதி முடிந்த மருந்து, உடைந்த மிக்ஸி, கடைக் கவர், காலி டப்பா, பழைய செருப்பு. பிளாஸ்டிக்கைப் பஞ்சாயத்துக்காகக் குப்பை சேகரிக்கும் ஹரிதகர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள். கண்ணாடி, செருப்பு, எலக்ட்ரிக் சாமானுக்கு அவர்களுக்கு வேறு வேறு மாதம் உண்டு, பஞ்சாயத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய குண்டு டிவி இருந்தால் உடைக்க விடாதீர்கள், அதன் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கும். இன்சுலின் ஊசி இருந்தால் கெட்டியான பாட்டிலில் போட்டு மூடிக் கொடுங்கள். குப்பை பிரிக்கும் அந்தப் பெண்களின் கையில் குத்தக் கூடாது.

அடுத்தது ட்ரங்க் பெட்டி. இதை மட்டும் வேலைக்காரர்களிடமோ அவசரக்காரப் பிள்ளைகளிடமோ விடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். சித்தூர் பக்கம் அப்போது கொச்சி ராஜ்ஜியம். அதனால் பழைய ஆதாரங்களில், அதாவது நிலப் பத்திரங்களில், கொச்சி முத்திரை இருக்கும், தேதி மலையாள ஆண்டான கொல்லவருஷத்தில் இருக்கும். 1100 என்று போட்டிருந்தால் அது 1924-25. ஏதோ பழைய எழுத்து என்று அடுப்பில் போட்டவர்களை எனக்குத் தெரியும். வீடு விற்கும்போது முன் ஆதாரம் எங்கே என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள், அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

அதேபோல, 1970 ஜனவரி 1 முதல் பழைய குத்தகை முறை ஒழிந்த பிறகு, நிலம் சொந்தம் என்று லேண்ட் ட்ரிப்யூனல் கொடுத்த பட்டயம் உங்கள் மாமனார் பேரில் இருக்கலாம். அது கிடைத்தால் பொன்னைப் போலப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். கரம் (நிலவரி) கட்டிய ரசீதுகள், மாமனார் மாமியாரின் மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் பென்ஷன் புத்தகம், இவை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மாற்றும் நாளில் அந்தப் பை லாரியில் ஏறக் கூடாது, உங்கள் கையோடு வரவேண்டும். பழைய கரண்ட் பில், எப்போதோ முடித்த கடனின் சீட்டுக் கணக்கு இவற்றையெல்லாம் கிழித்துப் போடலாம்.

மூன்றாவதாக, எதைத் தூக்கிப் போடுவது என்று யோசிக்காதீர்கள். எது கூட வரும் என்று பாருங்கள். ஃப்ளாட்டின் அறைகளை டேப் வைத்து அளந்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை எங்கே என்று குறியுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் ஒன்றுமே வேண்டாம். சார் கால் மடக்க முடியாதவர், நீங்கள் ராத்திரி கண் தெரியாதவர். அந்த வழியில் ஒரு முக்காலி இருந்தாலும் ஆபத்து. பாத்ரூமில் கைப்பிடி குடி போகும் முன்பே பொருத்திவிடச் சொல்லுங்கள்.

சார் விஷயம். அவருக்கென்று ஒரு பீரோ கொடுத்துவிடுங்கள், அதை யாரும் தொடக் கூடாது. அதில் அவர் எதை வைத்தாலும் கேட்காதீர்கள். அப்புறம் படங்களை அவர் பொறுப்பில் விடுங்கள். இருப்பவர்கள் யார் யார் என்று அவருக்குத்தான் தெரியும். பின்பக்கம் மிருதுவான பென்சிலில் பெயர் எழுதட்டும், பேனா வேண்டாம், மை ஊறி முன்னால் வரும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்கக் கூடாது, கண்ணாடியோடு வைத்தே படம் பிடித்துக்கொள்ளலாம். எங்கள் அப்பாவுக்கு இந்த வேலை கொடுத்திருந்தால் எத்தனையோ பெயர்கள் மிஞ்சியிருக்கும். அவர் முன்பே போய்விட்டார். அம்மா வீட்டுச் சுவரில் இருந்தவர்களில் பாதிப் பேர் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை.

பொள்ளாச்சி பாத்திரக்கடை பதில்:

டீச்சரம்மா, எங்கள் தாத்தா காலத்திலிருந்து பாத்திர வியாபாரம். ஒன்று கேளுங்கள்: செம்பு, பித்தளை, வெண்கலம் மூன்றையும் ஒரே குவியலாக எடை போட விடாதீர்கள். மூன்றுக்கும் விலை வேறு, பித்தளைதான் குறைவு. சேர்த்துப் போட்டால் எல்லாம் பித்தளை விலைக்குப் போய்விடும். செம்பு சிவப்பாக இருக்கும், ஓரத்தில் சுரண்டினால் தெரியும். வெண்கலத்தைத் தட்டினால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், பித்தளைச் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். வெண்கலம் கீழே விழுந்தால் உடையும், அதனால் மச்சிலிருந்து இறக்கும்போது கயிறு கட்டி இறக்கச் சொல்லுங்கள். எடையை முதலில் உங்கள் வீட்டுத் தராசிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆள் வருவதற்கு முன் புளி, ஆசிட் எல்லாம் போட்டுப் பளபளவென்று தேய்க்க வேண்டாம். பழைய குத்துவிளக்குக்கு அந்தக் கறுத்த நிறமே மதிப்பு.

ஆனால் அண்டாவை எடைக்குப் போட எனக்கே மனசு வராது. நீங்கள் கேட்டது புழங்குகிற கைதானே. அன்னதானம் நடக்கும் கோயில்களுக்கு அண்டாவும் குண்டாவும் எப்போதும் தேவைப்படும். திடீரென்று கொண்டுபோய் இறக்காமல், வேண்டுமா என்று கேட்டு, உள்ளே வெள்ளீயம் பூசிக் கொடுங்கள். அந்தப் பூச்சு தேய்ந்துபோன பித்தளையில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் களிம்பு ஏறி வயிற்றைக் கெடுக்கும். உருளி மாத்திரம் ஒரு சின்னது உங்களோடு வரட்டும், பாயசத்துக்கு ஆகும். இங்கே பலரும் வைத்திருப்பது ஆலப்புழை மாவட்டத்து மன்னார் ஊர் வேலை, அந்தக் கனம் இன்று கடையில் எளிதில் கிடைக்காது.

பழைய சாமி விக்கிரகம் ஏதும் இருந்தால் வீட்டுக்கு வரும் ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள் கணக்கில் வரும், பதிவு கேட்பார்கள். ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு 75 வருஷமே போதும்.

பத்தாயத்தை உடைத்து விறகாக்கிவிடாதீர்கள்! நம் பக்கத்துப் பத்தாயங்கள் பெரும்பாலும் சட்டத்தின் காடியில் பலகையை இறக்கிப் பொருத்தியவை. விவரம் தெரிந்த ஆசாரி வந்தால் சேதமில்லாமல் கழற்றுவார். பலாப்பலகை நல்ல நிலையில் இருந்தால் பெஞ்சு, புத்தக அலமாரி எது வேண்டுமானாலும் செய்யலாம்.

சித்தூர்ப்புழைக்கரை பதில்:

டீச்சர், நானும் தமிழ் மீடியத்தில்தான் வேலை பார்க்கிறேன். உங்கள் புத்தகங்களைப் பற்றிப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

தயவுசெய்து பாடநூல்களைக் கிலோவுக்குப் போடாதீர்கள். கேரள அரசு தமிழ் மீடியத்துக்கு அச்சிட்ட பழைய பாடநூல்கள் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இல்லை. அவை வேறு. இங்கே பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சமாக அச்சானவை. பாடத்திட்டம் மாறியதும் பள்ளிகளே வைத்துக்கொள்ளவில்லை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. முதலில் அங்கே பேசிப் பாருங்கள். இந்த ஊர்த் தமிழர்கள் என்ன படித்தார்கள் என்று நாளைக்கு ஒரு மாணவி தேடினால், அந்தப் புத்தகம் இந்த ஊரிலேயே அவளுக்குக் கிடைக்க வேண்டும்.

சிறுவர் பத்திரிகைகளில் வருஷம் தொடர்ச்சியாக இருக்கிறவற்றைப் பிரித்து வையுங்கள். பழைய தமிழ் அச்சு நூல்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பெயர், பதிப்பகம், ஆண்டு என்று ஒரு பட்டியல் எழுதி முதலில் அனுப்புங்கள், எது வேண்டும் என்று சொல்வார்கள். மூட்டையாக அனுப்பினால் அவர்களுக்கும் சுமை. மீதிக் கதைப் புத்தகங்கள், அகராதிகள் எல்லாம் எங்கள் மாதிரிப் பள்ளிகளுக்கு. கிராமத்து வாசகசாலைகளையும் கேளுங்கள். 1945-இல் பி.என். பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலை (நூலக) இயக்கத்தால் கேரளாவில் மூலைக்கு மூலை வாசகசாலை இருக்கிறது, ஆனால் நம் எல்லையில் தமிழ் அலமாரி காலியாகக் கிடக்கும் இடங்கள் உண்டு.

சுவடிக்கட்டை அவிழ்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். சுவடிக்குப் புல்தைலம் தடவுவது பழைய வழக்கம்தான் என்றாலும் பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடி நூலகம் இருக்கிறது, அங்கே காட்டலாம். கொடுக்க மனமில்லை என்றால் படம் எடுத்துத் தரச் சொல்லி, கட்டை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமா என்றாவது கேளுங்கள். அதில் என்ன மருந்து எழுதியிருக்கிறது என்று உங்கள் பேரப்பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள்.

கோவை மருமகள் பதில்:

ஆன்ட்டி, ஒரே ஒரு விஷயம். ஃப்ளாட்டில் லாஃப்ட் இருக்கிறது என்று அதை நம்பிச் சாமான் கொண்டுவராதீர்கள். எங்கள் மாமியார் அப்படிக் கொண்டுவந்து, ஒரு தூக்குவாளியை எடுக்க ஸ்டூல் மேல் ஏறி விழுந்தார், இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆயிற்று. கையெட்டாத உயரத்தில் எதுவும் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றிங்க. அவரிடம் உட்கார்ந்து எல்லாப் பதிலையும் படித்துக் காட்டினேன். ஆதாரத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டதும் அவரே எழுந்து போய் ட்ரங்கின் சாவியைத் தேடினார். கொல்லவருஷம் போட்ட ஆதாரம் இரண்டு இருக்கிறது, பட்டயம் இன்னும் கிடைக்கவில்லை. படங்களுக்குப் பெயர் எழுதச் சம்மதித்துவிட்டார். பீரோ விஷயத்தில் ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்கிறார், அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பத்தாயப் பலகையில் இரண்டு அலமாரி செய்து, புத்தகங்களோடு சேர்த்து நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கே கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹெட்மாஸ்டரிடம் பேசப்போகிறேன். புழைக்கரை டீச்சர், பாடநூல் பட்டியல் தயாரானதும் உங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். அண்டாக்களைத் தட்டிப் பார்த்தோம், மூன்று வெண்கலம். பறை, இடங்கழி, நாழி மூன்றையும் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, பேத்திக்கு அளந்து காட்ட வேண்டும். நான்கு நாழி ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை என்று வாயால் சொன்னால் அவளுக்குப் புரியவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். இங்கே இரண்டு கேஸ் சிலிண்டர் இருக்கிறது. அதை அப்படியே வண்டியில் கொண்டுபோகலாமா?

கொல்லங்கோட்டுக்காரர்:

வேண்டாம் டீச்சர். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இங்கே ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தந்து ஒரு வவுச்சர் கொடுப்பார்கள். கோவையில் அதைக் காட்டி, அங்கே இப்போது உள்ள டெபாசிட்டைக் கட்டிப் புது சிலிண்டர் வாங்கலாம். அடுப்பும் டியூபும் உங்களுடையது, எடுத்துப் போகலாம், டியூப் பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கனெக்‌ஷன் எடுத்தபோது கொடுத்த சீட்டு ட்ரங்கில் இருக்கிறதா என்று பாருங்கள், அதைக் கேட்பார்கள். பட்டயம் கிடைக்கவில்லை என்றால் அதன் நம்பரும் சர்வே நம்பரும் கரம் ரசீதில் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள், நகல் வாங்க எங்கே மனு கொடுப்பது என்று சொல்கிறேன்.