முழுச் சூரிய கிரகணம் தெரியும் இடம்: பாதையா, தடமா, பட்டையா?

அனைவருக்கும் வணக்கம்.

வரப்போகும் சூரிய கிரகணங்கள் எப்போது, எங்கே தெரியும் என்று மாணவர்களுக்குச் சொல்லும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘பாத் ஆஃப் டோட்டாலிட்டி’ மட்டும் இடிக்கிறது. இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

“2026 ஆகஸ்ட் 12 கிரகணத்தின் முழுமறைவுப் பாதை கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, வட ஸ்பெயின் வழியே செல்கிறது. மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மயிரிழையில் பாதைக்கு வெளியே.”

படித்த மாணவி ஒருத்தி, “சூரியன் அந்தப் பாதையிலயா போகும்?” என்று கேட்டுவிட்டாள். வேறு சொல் உண்டா?

---

தம்பி, பாதை கிடக்கட்டும், முதல் கோளாறு ‘மறைவு’. மறைவு தன்வினை, மறைப்பு பிறவினை. சூரியன் தானே மறைந்தால் அந்தி. நிலவு மறைத்தால்தான் கிரகணம். அதிலும் ஸ்பெயினில் அன்று இது மாலைக் கிரகணம். மயோர்க்காத் தீவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே இரண்டு பாகை அளவில்தான் நிற்கும். அங்கே போய் ‘எட்டரைக்கு முழுமறைவு’ என்றால் எதை என்று எடுத்துக்கொள்வது? முழுமறைப்பு என்றே எழுதுங்கள்.

---

> முழுமறைப்பு என்றே எழுதுங்கள்

ஐயா சொன்ன இலக்கணம் சரி. ஆனால் ‘கிரகணம்’ இன்னும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது? வடமொழியில் அதன் வேர்ப்பொருள் பற்றுதல். நம்மிடம் ‘கொள்’ இல்லையா? ‘திங்களைப் பாம்புகொண்டற்று’ (குறள் 1146). அந்தக் ‘கொள்’தான் நீண்டு ‘கோள்’ ஆனது. அவர்கள் கிரகம், கிரகணம் இரண்டையும் ஒரே வேரில் வைத்திருக்கிறார்கள், நாமும் வைக்கலாம். ‘முழுக்கோள் தடம்’ என் முன்மொழிவு.

---

முழுக்கோள் என்றால் பிள்ளைகள் வியாழனா சனியா என்றுதான் கேட்பார்கள். தவிர, அந்தக் குறளில் பாம்பு பிடித்தது திங்களை. சூரியனுக்கு வேறு சான்று கொண்டுவாருங்கள், பேசலாம்.

கருநிழல் (சூரியன் முழுதும் மறைபடும் நிழல்), புறநிழல் (ஒரு பகுதி மட்டும் மறைபடும் நிழல்) இரண்டும் பாடநூலிலேயே இருக்கின்றன. கருநிழல் தரையில் பதிந்து நகரும் இடம் கருநிழல் தடம். இதில் என்ன சிக்கல்?

---

சிக்கல் வளைய கிரகணத்தில் இருக்கிறது, அம்மா. நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. அதன் கருநிழல் கூம்பு ஏறத்தாழ 3,75,000 கி.மீ.தான் நீளும். நிலவு பூமிக்கு அருகே வரும்போதுதான் கூம்பின் நுனி தரையைத் தொடும். மற்ற நேரத்தில் நுனி வானிலேயே முடிந்துபோக, கீழே இருப்பவர்களுக்கு வளையம் தெரியும். 2027 பிப்ரவரி 6 அன்று சிலி, அர்ஜென்டினா, கானா, நைஜீரியாவில் தெரியப்போவது அதுதான். அங்கே கருநிழலே விழாது. பிறகு கருநிழல் தடம் எப்படி வரும்?

அப்புறம், பாதையோ தடமோ படிக்கிறவர் மனத்தில் கோடாகத்தான் விழும். 2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தில் எகிப்தின் லக்சர் அருகே இருள் 6 நிமிடம் 23 விநாடி நீடிக்கும். அங்கே அதன் அகலம் சுமார் 258 கி.மீ. நடுவில் நின்றால் ஆறு நிமிடம், ஓரத்தில் நின்றால் சில விநாடிகள், தாண்டி நின்றால் ஒன்றுமே இல்லை. அகலத்தைச் சொல்கிற சொல் ‘பட்டை’. முழுமறைப்புப் பட்டை, வளையமறைப்புப் பட்டை என்று இரண்டுக்கும் பொருந்தும்.

---

பொருந்தும், சரி, காதில் விழ வேண்டாமா? பட்டை என்றதும் மரப்பட்டைதான் நினைவுக்கு வருகிறது. தடம் என்றால் ஏதோ ஒன்று கடந்துபோனது தெரியும். பட்டையில் அந்த நகர்ச்சியே இல்லை. நிழல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது என்பதைப் பிள்ளைகள் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்?

---

அதை வரைபடத்தில் ஓர் அம்புக்குறி சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ஏற்றினால் எந்தச் சொல்தான் தாங்கும்?

---

நண்பர்களே, நேரமாகிவிட்டது. பட்டைக்கு நால்வர், தடத்துக்கு இருவர், கோளுக்கு ஒருவர். இப்படி மாற்றி அனுப்பிவிட்டேன்:

“முழுமறைப்புப் பட்டைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சூரியனில் கீற்றளவாவது மிஞ்சும். அந்தக் கீற்றே சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிவட்டத்தைப் பார்க்கவிடாது. பாதுகாப்புக் கண்ணாடியையும் கழற்றக் கூடாது.”

2028 ஜூலை 22 வரைபடத்தில் சிட்னியும் நியூசிலாந்தின் டனிடினும் பட்டைக்குள் வருகின்றன. குறிப்பிலும் இதே சொல்தான். தலைப்பில் ‘கிரகணம்’ அப்படியே இருக்கிறது, மன்னிக்கவும்.

---

அனுப்பியது அனுப்பியதுதான். ஆனால் 2031 நவம்பர் 14 கிரகணம் பசிபிக் கடலில் வளையமாகத் தொடங்கி, நடுவில் முழுமையாகி, மறுபடி வளையமாக முடிகிறது. ஒரே பட்டைக்கு இரண்டு பெயர் வைப்பீர்களா? ‘கோள்தடம்’ என்றிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.