ஆயா பர்மிய மொழியில் எண்ணுகிறார், எங்கிருந்து ஆரம்பிப்பது?

வியாசை_தையல்கடை:
வியாசர்பாடியில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பன்னிரண்டாவதோடு சரி. என் ஆயா 1965இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். ஹூக் எண்ணித் தரச் சொன்னால் இன்றும் "தி, னி, தோங், லே, ஙா" என்றுதான் விரல் மடக்குகிறார். ஏன் வந்தீர்கள் என்றால், "கடையைப் புடுங்கிட்டான், வந்துட்டோம்". அதற்கு மேல் பேச்சு நகராது.

அந்த மொழியையும் அந்தக் காலத்து வரலாற்றையும் நானாகவே படிக்க ஆசை. கையில் ஒரு போன், ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஒரு பயிற்சி நிலையத்தில் கேட்டேன்; "ஜப்பானிய மொழி சேருங்க, வேலை கிடைக்கும்" என்று நோட்டீஸைத் திணித்தார்கள். மொழி முதலிலா, வரலாறு முதலிலா?

ஓலைக்கிறுக்கன்:
எழுத்தைப் பார்த்து மிரளாதீர்கள். அதுவும் பிராமி வழி வந்ததுதான். க வரிசை, ச வரிசை எல்லாம் அங்கேயும் உண்டு. 'ஙப் போல் வளை' படித்த பிறகு நமக்கு 'ங' எங்கே தனியாகத் தேவைப்பட்டது? அங்கே தினமும் வேண்டும். 'ஙா'வைத் தாழ்த்திச் சொன்னால் 'நான்'. குரலை உயர்த்தி நீட்டினால் ஐந்து, மீனும் அதேதான். காதுக்குப் பழக்கம் வர நாளாகும்.

பழைய பர்மியப் பக்கங்கள் போனில் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நம் பழைய 'பாமினி' எழுத்துருவின் கதைதான். 2019 அக்டோபரில்தான் அங்கே அதிகாரப்பூர்வமாக யூனிகோடுக்கு மாறினார்கள்.

பஜார்_பழசு:
எழுத்தெல்லாம் அப்புறம்மா. முதல்ல ஆயா குரலைப் பதிவு பண்ணு. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் முப்பது வருஷம் கடை போட்டவன் சொல்கிறேன். "ஏன் வந்தீங்க" என்பது போலீஸ்காரன் கேள்வி. பர்மா நூடுல்ஸ் அத்தோவுக்கு என்னென்ன போடுவீங்க என்று கேள். அந்தப் பெயரே, கையால் பிசைந்து கலப்பதைச் சொல்லும் பர்மியச் சொல்தான். பேச்சு தானாகக் கடைக்கு வந்து சேரும்.

நோட்டில் எழுதிக்கொள்: 1962 மார்ச் 2, ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை. மே 17இல் 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது. எங்கள் அப்பா தலையணையில் தைத்து வைத்தது அத்தனையும் காகிதமாகப் போனது.

ஆனால் ஒன்று. 1930களின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. கடனுக்கு ஈடாகப் போன நிலம். இதையும் சேர்த்துப் படி. நம்ம வீட்டுக் கதையை மட்டும் கேட்டால் பாதி வரலாறுதான்.

இன்றைக்கே ஆயாவிடம் "சா பீ பீ லா?" என்று கேள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். வினை கடைசியில்தான் வரும், கேள்விக்கு நம்ம 'ஆ' மாதிரி 'லா'.

வியாசை_தையல்கடை:
கேட்டேன். ஹூக் டப்பாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். "சா பீ பீ" என்று லாவை மட்டும் விட்டுவிட்டுப் பதில் வந்தது. அப்புறம் இருபது நிமிடம் அத்தோ: புளித்தண்ணி, வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய். எல்லாம் பதிவில் இருக்கிறது.

பஜார் அண்ணாவுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: "அந்த ஆளு ரங்கூனா, மோல்மேனா? கேட்டுச் சொல்லு."