சேர்லிஃப்ட்டிலிருந்து ஸ்னோபோர்டுடன் விழாமல் இறங்குவது எப்படி?

நொய்யல்கரை (திருப்பூர்):
அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் சென்று ஸ்னோபோர்டு (பனிச்சறுக்குப் பலகை) பழக எண்ணியிருக்கிறேன். சரிவில் விழுவதைப் பற்றி எனக்குப் பெரிய அச்சமில்லை. கம்பிவடத்தில் தொங்கியபடி நிற்காமல் ஓடும் இருக்கைகளான சேர்லிஃப்ட்டிலிருந்து, ஒரு கால் மட்டும் பலகையில் பூட்டியிருக்க, பின்னால் வருவோருக்கு இடைஞ்சலின்றி இறங்குவதுதான் கவலையாக இருக்கிறது. பழகியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சிறுவாணி (கோவை):
வணக்கம். இறங்கும் மேடை வருவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிட வேண்டும். பாதுகாப்புக் கம்பியைத் தூக்கச் சொல்லும் அறிவிப்பு தெரிந்ததும் தூக்கிவிட்டு, தோள்பையின் வார்களோ உடையோ இருக்கையில் சிக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இடுப்பைச் சற்றுத் திருப்பி, பலகையின் மூக்கு (முன்முனை) போகும் திசையை நேராக நோக்கும்படியும், மேடை விளிம்பில் குத்திவிடாதபடி சிறிது மேல்நோக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். பலகை பனியில் படிந்தவுடன், பூட்டாத பின்காலைப் பின்பக்கப் பைண்டிங்கை (காலணியைப் பூட்டும் பிடி) ஒட்டி வைத்து, எழுவதற்கான கோட்டில் தயங்காமல் எழுந்து நில்லுங்கள். முழங்கால் மடங்கியிருக்க, பார்வை தொலைவில் இருக்கட்டும். பெரும்பாலானோர் விழுவது இதற்கு அடுத்த நொடியில்தான்: வேகத்துக்கு அஞ்சிப் பின்னால் சாய்கிறார்கள், அல்லது உடனே பலகையைத் திருப்ப முயல்கிறார்கள். மேடைச் சரிவு சற்று தூரத்தில் தானாகவே சமனாகிவிடும். அதுவரை பலகையை நேராக ஓட விடுங்கள்.

கொப்பரைக்களம் (பொள்ளாச்சி):
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எழும்போது இருக்கை விளிம்பைக் கையால் மெல்லத் தள்ளலாம். ஆனால் அதையோ பக்கத்தில் இருப்பவரின் கையையோ பிடித்துக்கொண்டு நின்றால் இருவரும் சேர்ந்தே விழுவீர்கள். புறப்படுவதற்கு முன் இங்கேயே பழக வேண்டுமானால், தேங்காய் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டிப் பாருங்கள். முன்காலில் எடையை வைத்து, பின்காலால் உந்திவிட்டு அதைப் பலகைமேல் எடுத்து வைக்கும் பழக்கம் அப்படியே உதவும். குல்மார்க் போனதும், லிஃப்ட்டில் ஏறுவதற்கு முன் சமதரையிலும் ஒற்றைக்கால் பூட்டி இதைச் செய்து பாருங்கள். பலர் சலிப்பு என்று தவிர்க்கும் பயிற்சி இதுதான்.

நொய்யல்கரை (திருப்பூர்):
மிக்க நன்றி. எழத் தவறினாலோ, விழுந்துவிட்டாலோ என்ன செய்வது?

கூடுதுறை (பவானி):
எழ வேண்டிய இடம் கடந்துவிட்டால் குதிக்கவே கூடாது. அமர்ந்தே இருங்கள், பணியாளர் லிஃப்ட்டை நிறுத்துவார். விழுந்தால் தலையைத் தாழ்த்தி, அடுத்த இருக்கை வருவதற்குள் பக்கவாட்டில் ஊர்ந்து விலகுங்கள். எழுந்து நிற்பது அதற்குப் பிறகு. விழும்போது உள்ளங்கையை ஊன்றாதீர்கள், புதியவர்களுக்கு மணிக்கட்டு எலும்புதான் எளிதில் முறியும்; மணிக்கட்டுக் காப்பு அணிவது நல்லது. ஏறும்போதே பணியாளரிடம் புதியவர் என்று சொல்லிவிடுங்கள். பல இடங்களில் வேகத்தைக் குறைத்துத் தருவார்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: குல்மார்க்கில் சேர்லிஃப்ட் இருப்பது மேலே கோங்தூரிப் பகுதியில்; கற்போர் தொடங்குவது கீழ்ச் சரிவுகளில் என்பதால், முதல் நாளே உங்களுக்கு அது தேவைப்படாமலும் போகலாம்.