ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ கார்: மூணாவது கியர்ல பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்) ஏறல

மண்டபம் ரோட்டுல 3000 ஆர்பிஎம் தாண்டி மிதிச்சா இழுவை இல்ல, "புஸ்ஸு"ன்னு சத்தம். ஸ்கேனர்ல பி1297ன்னு கோளாறு கோடு. டர்போவை மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு. சரியா?

கீழக்கரைக்காரர்: அவசரப்படாதீங்க. அந்தக் கோடு டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்துற வால்வு) நடுவுல காத்து கசியுதுன்னுதான் சொல்லுது. ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அப்புறம் உள்ள ஹோஸை அடைச்சு, காத்தடிக்கிற கம்ப்ரசர்ல 0.5 பார் மட்டும் கொடுங்க. சோப்புத் தண்ணி அடிச்சா நுரை வர்ற இடம்தான் ஓட்டை. இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர வைக்கிறது) ஹோஸோட அடிப்பக்கத்தை விடாதீங்க. எண்ணெய்ல ஊறி அங்கதான் பிளக்கும். நம்ம உப்புக்காத்துல கிளாம்பும் துருப்பிடிச்சுத் தளரும்.

டைவர்ட்டர் வால்வையும் (மிதியை விட்டதும் மிச்ச பூஸ்ட்டைத் திருப்பி விடுறது) கழட்டுங்க. டயஃப்ரத்தை (உள்ள இருக்குற சவ்வு) உள்ள அழுத்தி, சின்னக் குழாயை விரலால அடைங்க. அப்படியே நிக்கணும். திரும்பி வந்தா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு.

தொண்டிக்காரர்: கசிவே இல்லன்னா பூஸ்ட்டைக் கட்டுப்படுத்துற என்75 வால்வைப் பாருங்க: இரண்டு பின்னுக்கும் நடுவுல 25–35 ஓம். கனெக்டர்ல பச்சை பூத்திருந்தா முதல்ல சுத்தம் பண்ணுங்க. வேஸ்ட்கேட் (டர்போவைச் சுத்தாம புகையை வெளிய விடுற கதவு) கம்பி துருவேறித் திறந்தபடியே இறுகினாலும் பூஸ்ட் வராது. ஆனா இறுகினது மூடின நிலையிலன்னா பூஸ்ட் அளவு மீறும், இன்ஜினுக்கு அதுதான் ஆபத்து.

கீழக்கரைக்காரர்: விசிடிஎஸ் (லேப்டாப்ல ஸ்கேன் பண்ற சாஃப்ட்வேர்) இருந்தா குரூப் 115, அதாவது பூஸ்ட் அளவு காட்டுற பக்கத்தைப் பாருங்க. இன்ஜின் நின்னிருக்கும்போது நம்ம கடலோரத்துல 1010 மில்லிபார் ஒட்டிக் காட்டணும். 900 காட்டினா சென்சார்தான் பொய் சொல்லுது. அப்புறம் மூணாவது கியர்ல மிதிச்சு, இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட்டும் கிடைச்ச பூஸ்ட்டும் எங்க பிரியுதுன்னு பாருங்க.

தொண்டிக்காரர்: டர்போ ஷாஃப்ட், கம்ப்ரசர் சக்கரம் உறையில உரசுற அளவுக்கு ஆடினா மட்டும் டர்போவை மாத்துங்க. பக்கவாட்டுல லேசா ஆடுறது இயல்பு.