நொதிக்கு நான்காம் நிலை அமைப்பு கட்டாயமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 6 படிக்கிறேன். நொதி (வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்) வேலை செய்ய நான்காம் நிலை அமைப்பு வேண்டும் என்று எழுதி இரண்டு புள்ளி போய்விட்டது. மூன்றாம் நிலையே போதுமா?

பதில் 1: போதும் தம்பி. நானும் தோட்ட லயத்தில் வளர்ந்தவன்தான். ஆட்டிறைச்சி மெத்தென்று வேக அம்மா பச்சைப் பப்பாளியை அரைத்துப் பிசறுவார் இல்லையா? அந்தக் காயின் பாலில் இருப்பது பாப்பேய்ன் நொதி. 212 அமினோ அமிலங்கள், ஒரே சங்கிலி. அந்த வரிசை முதல் நிலை. ஹைட்ரஜன் பிணைப்புகளால் அங்கங்கே சுருளும் மடிப்புத் தாளும் உருவாவது இரண்டாம் நிலை. முழுச் சங்கிலியும் மடங்குவது மூன்றாம் நிலை. அப்போது 25ஆம் இடத்துச் சிஸ்டீன், 159ஆம் இடத்து ஹிஸ்டிடின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் பக்கத்தில் வந்து நிற்கும். வரிசையில் எவ்வளவு தூரம் பாருங்கள்! இறைச்சிப் புரதம் வெட்டுப்படுவது அங்கேதான்.

பதில் 2: ஒன்றுக்கு மேற்பட்ட சங்கிலிகள் சேர்வதுதான் நான்காம் நிலை. லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியில் நான்கு சங்கிலிகள் சேர்ந்திருக்கும். அதற்கு நான்காம் நிலை உண்டு.

கேட்டவர்: சரிண்ணா, கொதிக்க வைத்தால் வரிசையும் அறுந்துவிடுமா?

பதில் 1: இல்லை, மடிப்புதான் குலையும். என் அக்கா கொதிக்கிற குழம்பில் பப்பாளியைப் போட்டுவிட்டு, கறி வேகவில்லை என்று காயைத் திட்டினார். ஊறும்போதே போடணும்.