குறும்படச் செலவு யார் தலையில்?

பூம் மைக்:
“பட்ஜெட் இல்ல ப்ரோ, ஃபெஸ்டிவலுக்குப் போற படம், டைட்டில்ல பேர் போட்டுடுறோம்.” என்னைப் போல இதைக் கேட்காத ஒலிப்பதிவாளர் சென்னையில் இருக்க மாட்டார். இப்படிக் கூப்பிடுகிறவர்களிடம் கேமரா வாடகைக்குப் பணம் இருக்கிறது, லென்ஸுக்கு இருக்கிறது. சாலிகிராமத்தில் வாடகைக்கு விடுகிறவர் முன்பணம் வாங்காமல் பெட்டியைத் தரமாட்டார் என்று தெரியும், அதனால் அவரிடம் யாரும் டைட்டில் கார்டு பேசுவதில்லை. மனிதர்களிடம் மட்டும்தான் பேசுகிறார்கள். லைட்மேன், ஃபோகஸ் புல்லர், மேக்கப், சவுண்ட், எடிட்டர் எல்லோரும் சேர்ந்து அந்தப் படத்துக்குப் பணம் போடுகிறார்கள். ஆனால் தயாரிப்பாளர் என்று வேறு ஒருவர் பெயர் வருகிறது. வேலை செய்கிறவருக்குக் கூலி தர முடியாதென்றால், பணம் சேரும்வரை படத்தைத் தள்ளிப்போடுங்கள். இதுதான் என் நிலைப்பாடு.

தாமிரபரணி:
தள்ளிப்போடுங்கன்னு சொல்றது சுலபம் அண்ணே. எத்தன வருஷம்? நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். எங்க வீட்ல சினிமாவுக்குன்னு எடுத்து வைக்க ஒரு ரூபா கிடையாது. நீங்க சொல்ற சட்டம் வந்தா அப்பா காசு இருக்கிறவன் நாளைக்கே ஷூட்டிங் போவான், நான் காத்துக்கிட்டே இருப்பேன். 2008-ல கேனான் 5டி மார்க் 2 கேமரா வந்தப்பொறவுதான் பிலிம் ரோல், லேப் செலவெல்லாம் இல்லாம நல்ல படம் எடுக்கலாம்னு ஆச்சு. அதுக்கு அடுத்து கலைஞர் டிவில ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன்லாம் அந்த வழியா வந்தவங்க. கார்த்திக் சுப்புராஜோட குறும்படத்துல நடிச்ச விஜய் சேதுபதிதான் 2012-ல அவரோட முதல் படத்துக்கும் நாயகன். கூட நின்னவங்கள கூடவே கூட்டிட்டுப் போறதுதான் இங்க முதலீடு. எல்லாருக்கும் ரேட் பேசித்தான் ஆரம்பிக்கணும்னா அந்த அலையே வந்திருக்காது.

பூம் மைக்:
தம்பி, நீங்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் இயக்குநர், நடிகர். நடிகருக்கு முகம் மிஞ்சும், இயக்குநருக்குப் படம் மிஞ்சும். வெளிச்சத்தைத் திருப்பத் தெர்மாகோல் பிடித்து வெயிலில் நின்றவருக்கு என்ன மிஞ்சியது? அன்றைக்கு வேறு யூனிட்டுக்குப் போயிருந்தால் பேட்டாவாவது, அதாவது தினப்படியாவது, கையில் வந்திருக்கும். உங்களோடு கனவு காண்கிற நண்பன் வேறு, அன்றன்றைய கூலியில் வீடு நடத்துகிறவர் வேறு. இரண்டு பேரையும் ‘நம்ம டீம்’ என்று ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இன்னொன்று, அந்தக் காலத்தில் படம் முடிந்தால் ஒளிபரப்ப ஒரு சேனல் இருந்தது. இப்போது முடித்துவிட்டு லிங்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

எடிட் மேசை:
லிங்க் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கணக்கு. யூட்யூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். உங்கள் படம் 15 நிமிடம் என்றால், 16,000 பேர் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி டைட்டில் வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவும் நடந்த பிறகுதான் காசு வரத் தொடங்கவே தகுதி வரும். ஆகவே ஒருவரிடம் பணம் கேட்கும்போது ‘முதலீடு’ என்று சொல்லாதீர்கள். திரும்பி வராது என்று சொல்லிக் கேளுங்கள். அப்படியும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு உறவும் கெடாது.

இன்னொரு செலவை யாரும் எழுதி வைப்பதில்லை: விழாக்கட்டணம். விழாக்களுக்குப் படம் அனுப்பும் ஃபிலிம்ஃப்ரீவே இணையதளத்தில் பல விழாக்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் பெரும்பாலும் டாலரில். பணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ‘சிறந்த படம்’ என்று சான்றிதழ் அனுப்பும் விழாக்களும் அங்கே உண்டு. அவற்றில் போகும் தொகையைச் சேர்த்தால் ஒரு லைட்மேனுக்குப் பேட்டா கொடுத்திருக்கலாம். திருவனந்தபுரத்தில் 2008 முதல் கேரளச் சலச்சித்திர அகாடமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா போல மதிப்புள்ள சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அனுப்பும் முன் யூட்யூபில் ஏற்றிவிடாதீர்கள், பல விழாக்களின் கதவு அதோடு மூடிவிடும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டிருந்தால் உரிமைப் பிரச்சினை தனியாக வரும். தேசிய விருதுக்கு அனுப்ப வேண்டும் என்றால் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம், அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

தாமிரபரணி:
கணக்கு சரிதான் சார். ஆனா எல்லாத்தையும் கணக்குப் போட்டுப் பாத்துட்டு எடுத்த படம் எது? சத்யஜித் ராய் முதல் படத்துக்கு இன்சூரன்ஸ் பாலிசிய வச்சு, வீட்டம்மா நகைய அடகு வச்சுத்தானே எடுத்தார்?

பூம் மைக்:
அந்தக் கதையைப் பாதியில் நிறுத்துவதுதான் நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. நகையை வைத்த பிறகும் பணம் தீர்ந்து படப்பிடிப்பு நின்றது. கடைசியில் மேற்கு வங்க அரசின் பணம் வந்துதான் 1955-ல் ‘பதேர் பாஞ்சாலி’ வெளியானது. தொடங்கும்போது அவருக்கு விளம்பர நிறுவனத்தில் மாதச் சம்பளமும் இருந்தது. நகையால் முடிந்த படம் இல்லை அது, பொதுப்பணத்தால் முடிந்த படம். 1976-ல் குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு ‘மந்தன்’ என்ற இந்திப் படத்தை எடுக்க வைத்தார்கள். 1986-ல் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவரது ஒடேசா திரைப்படக் குழுவும் மக்களிடம் வசூல் செய்து ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். வழி இருக்கிறது. அதில் இறங்கக் கூச்சப்பட்டுத்தான் லைட்மேன் கூலியில் கை வைக்கிறோம்.

தாமிரபரணி:
இங்கதான் நான் முழுசா மாறுபடுறேன். அந்த 5 லட்சம் பேரும் கூட்டுறவுச் சங்கத்துல ஏற்கெனவே இருந்தவங்க. சங்கம் முதல்ல, படம் அப்புறம். எனக்கு எந்தச் சங்கம் இருக்கு? நிதி கேட்டு நான் ஒரு லிங்க் போட்டா அது போற இடம் என் வாட்ஸாப் குரூப். ஐ.டி. கம்பெனில வேலை பாக்கிற நண்பர்கள் நிறைய இருக்கிறவனுக்கு ஒரு வாரத்துல தொகை சேர்ந்துடும். என் கூடப் படிச்சவங்க மில்லுலயும் மளிகைக்கடையிலயும் நிக்கிறாங்க. அவங்ககிட்ட 500 ரூபா கேட்டா, வட்டிக்கு வாங்கித் தருவான். அத எப்படி வாங்குவேன்? ஆனா ஒரு நாள் லீவு போட்டு வந்து கூட நிப்பான். அவன் தர முடிஞ்சது உழைப்பு. அதையும் வாங்காதேன்னு சொன்னா எனக்கு மிச்சம் என்ன?

மூணாவது ரீல்:
ரெண்டு பேர் சொல்றதும் எனக்குப் புரியுது. நான் எல்லாருக்கும் காசு கொடுத்துத்தான் எடுத்தேன், நான் பணக்காரி இல்லை. கதைய எழுதும்போதே ஒரே கால்ஷீட்டுக்குள்ள, அதாவது ஒரு ஷிஃப்ட் ஷூட்டிங்குக்குள்ள, முடியுற மாதிரி எழுதினேன். ஒரு வீடு, ரெண்டு பேர், பகல் வெளிச்சம். இடம் மாத்துறதுதான் நாளைத் தின்னும். சாமானை வண்டில ஏத்தி இறக்குறதுக்குள்ள அரை நாள் போயிடும். நைட் எஃபெக்ட் வேணும்னா ஜெனரேட்டர், டீசல், கூடுதல் பேட்டா. நிறம் சரிபண்ணுற கிரேடிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளோட இலவசப் பதிப்பே போதும். மிச்சமான காசு ஆளுங்களுக்குப் போச்சு. சாப்பாட்டில மட்டும் கை வைக்காதீங்க. மதியம் சாப்பாடு தாமதமான யூனிட்ல சாயங்காலம் ஒரு ஷாட் உருப்படியா வராது.

தாமிரபரணி:
அக்கா, உங்க உழைப்ப மதிக்கிறேன். ஆனா இந்த யோசனைதான் எனக்குப் பெரிய பயமே. காசுக்கு ஏத்த கதைன்னு எல்லாரும் போனா, தமிழ்க் குறும்படம்னா ஃப்ளாட்டுக்குள்ள ரெண்டு பேர் உக்காந்து பேசுறதுன்னு ஆயிடும். இப்பவே பாதி அப்படித்தான் இருக்கு. நான் எடுக்க நினைக்கிறது செங்கல் சூளைல முன்பணம் வாங்கி மாட்டிக்கிட்ட ஒரு குடும்பம். ராத்திரி சூளைல தீ மூட்டுற இடம் இல்லாம அந்தப் படமே இல்ல. நடிக்கப் போறதும் சூளைல வேலை செஞ்சவங்கதான். இத எந்த வீட்டுக்குள்ள கொண்டுபோய் வைப்பேன்?

பூம் மைக்:
இந்தக் கதையை வைத்தே பேசுவோம். சூளையில் வேலை செய்தவர்களை நடிக்க வைக்கிறீர்கள். அவர்களைப் பிறகு வடபழனிக்குக் கூட்டிவந்து டப்பிங் அறையில் நிறுத்தினால் அதே பேச்சு வருமா? உதட்டசைவுக்கு ஏற்றபடி பேசப் பழகாதவர்கள் அவர்கள். அப்படியானால் அங்கேயே பதிவாகிற ஒலிதான் உங்கள் படம். ஆனால் உங்கள் பட்டியலில் முதலில் கேமரா இருக்கும், லென்ஸ் இருக்கும், ஒலி கடைசியில் ‘யாராவது நண்பர்’ என்று இருக்கும். இன்னொன்றும் கேட்கிறேன். கூலி கிடைக்காமல் மாட்டிக்கொண்ட குடும்பத்தைப் பற்றிய படத்தில், அந்தச் சூளைத் தொழிலாளிக்கு அன்றைய கூலியைக் கொடுப்பீர்களா?

தாமிரபரணி:
கொடுப்பேன். ஒரு நாள் சூளைல என்ன கிடைக்குமோ அதுக்குக் குறையாம, அன்னைக்கே. லைட்மேனுக்கும் அப்படியே, அதுல உங்க பக்கம் வந்துட்டேன். ஆனா என் கூடப் படிச்ச பயலுவ வந்து வண்டி ஓட்டுறதுக்கும் சாப்பாடு எடுத்துட்டு வர்றதுக்கும் ரேட் பேச மாட்டேன். அவனும் வாங்க மாட்டான். நானும் அவன் வீட்டுக் கல்யாணத்துல பந்தி விளம்பிக்கிட்டுத்தான் இருக்கேன்.

எடிட் மேசை:
உழைப்புக்கு உழைப்பு என்றால் அதை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாள், எந்த வேலை, பதிலுக்கு என்ன, படம் எங்காவது விற்றால் பங்கு எவ்வளவு. ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்று ஒரு இயக்குநர் என்னிடம் சொன்ன படம் ஒரு தளத்துக்கு விற்கப்பட்டதை, சமூக வலைத்தளத்தில் அவர் போட்ட பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கூடவே அரசிடமும் கேட்க வேண்டும். கேரளத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களின் முழுநீளப் படங்களுக்கு ஒன்றரைக் கோடி வரை தருகிறது. அதில் சிறு பங்கு இருந்தாலே இங்கே எத்தனையோ குறும்படங்களுக்கு ஒரு கால்ஷீட் கூலி கிடைக்கும். சங்கம் இல்லை என்றீர்களே, இதைக் கேட்கவாவது குறும்படக்காரர்கள் ஒன்றாகச் சேரலாம்.

பூம் மைக்:
பந்தி விளம்புகிற கணக்கை நான் எதிர்க்கவில்லை தம்பி, அது உங்கள் ஊரில் செல்லும். சென்னையில் அறிமுகமில்லாத ஒருவரை ‘மச்சான்’ என்று கூப்பிட்டு அதே கணக்கை நடத்துவதைத்தான் எதிர்க்கிறேன். சூளைப் படத்துக்கு நான் பாதிச் சம்பளத்தில் வருகிறேன். மூன்று நிபந்தனைகள்: என் உதவியாளருக்கு முழுக்கூலி, ஷூட்டிங்குக்கு முன்னால் ஒருமுறை சூளைக்கு என்னைக் கூட்டிப்போய் அங்கே என்ன சத்தமெல்லாம் இருக்கிறது என்று கேட்கவிட வேண்டும், இரவுக் காட்சியில் ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கக் கேபிள் நீளம் இருக்க வேண்டும்.

தாமிரபரணி:
ரெண்டாவதும் மூணாவதும் சரி. பாதிச் சம்பளம்னா எவ்வளவுன்னு இங்கயே எழுதுங்க அண்ணே. பட்ஜெட் போட்டு நாளைக்கு இதே இடத்துல பதியிறேன். லென்ஸ் வாடகைய வெட்டினாத்தான் உங்க உதவியாளருக்கு வரும்னா எத வெட்டலாம்னு மூணாவது ரீல் அக்காவும் பாத்துச் சொல்லட்டும்.