கோபுரம் சரிந்த கதை: உங்களுக்கும் நடந்ததுண்டா?

உப்புவெளிக்காரன்:
நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடுகிற நண்பனுக்கு, படகு நேரங்களைக் காட்ட ஒரு திரை வேண்டுமாம். பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடந்தது. லினக்ஸைப் போட்டு, டெஸ்க்டாப் எதுவுமில்லாமல், ஃபிரேம்பஃபரை (திரையில் தெரியும் புள்ளிகள் இருக்கும் நினைவகம்) எம்மேப் செய்து, அதாவது என் நிரலே நேரடியாகத் தொடும்படி இணைத்து, நேராகவே படத்தை எழுதினேன். பின்னணிக்குத் திருகோணமலைக் கோணேசர் கோயில் கோபுரம்.

ஓடவிட்டால் கோபுரம் நார்நாராகக் கிழிந்து, கீழே போகப் போக இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. "கோணேசரோடை விளையாடாதை மச்சான், படத்தை மாத்து" என்றான் நண்பன்.

படத்தில் பிழையில்லை. திரை 1366க்கு 768. பிக்சலுக்கு (திரைப் புள்ளிக்கு) 4 பைட், ஆக வரிக்கு 5464 பைட் என்று கணக்குப் போட்டிருந்தேன். திரையை இயக்கும் ட்ரைவரோ ஒவ்வொரு வரியையும் 64 பைட்டின் மடங்கில்தான் தொடங்கும். அதற்கு ஒரு வரி 5504 பைட். வரிக்கு 40 பைட் கடன், அதாவது 10 பிக்சல். வரிக்கு வரி 10 பிக்சல் நழுவினால் கோபுரம் எப்படி நிற்கும்? திரையின் அடியில் 5 வரி உயரத்துக்குப் கணினி தொடங்கும்போது வந்த பழைய பூட் எழுத்துகளின் வால்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அதைக் கண்ட பிறகுதான் பொறி தட்டியது: என் 768 வரியும் அங்கே 762 சொச்சம் வரியிலேயே தீர்ந்துவிட்டது.

அகலத்தைப் பெருக்குவதை விட்டுவிட்டு, ட்ரைவர் சொல்லும் லைன் லெங்த்தை (ஒரு வரிக்கு உண்மையில் எத்தனை பைட் என்பதை) எடுத்தேன். கோபுரம் நிமிர்ந்தது. முன்பு 1024 அகலத் திரையில் இதே நிரல் ஒழுங்காக ஓடியதுதான் என்னை ஏமாற்றியது. 4096 தானாகவே 64ஆல் வகுபடும்.

உவர்மலைத் தம்பி:
அண்ணா, உங்களுக்குச் சரிந்த படமாவது வந்தது. எனக்கு வெறும் கறுப்புத் திரை. ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினியில் இயங்குதளமே இல்லாமல் நிரல் எழுதிப் பழகினேன். செயலியும் ஜிபியுவும் (படம் காட்டும் சில்லு) பேசிக்கொள்ளும் மெயில்பாக்ஸில் ஃபிரேம்பஃபர் கேட்டதும், ஜிபியு ஒரு நினைவக முகவரி தந்தது. அதில் எழுதினால் ஒரு புள்ளிகூட இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. கடற்காற்றில் எச்டிஎம்ஐ முனை துருப்பிடித்திருக்கும் என்று இரண்டு இரவு அதையே துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், அது ஜிபியு தன் பக்கத்திலிருந்து நினைவகத்தைப் பார்க்கும் பஸ் முகவரி. மேலே உள்ள 2 பிட்டை அழித்தால்தான் ஆர்ம் செயலிக்குரிய முகவரி கிடைக்கும்.

துறைமுக வீதி:
உப்புவெளியாரே, படகு நேரத்தை ஓடும் எழுத்தாகக் காட்டுகிறீர்கள் என்றால், அது திக்குகிறதா? திக்கினால், ஃபிரேம்பஃபரிலிருந்து திரும்ப வாசிக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த நினைவகம் பெரும்பாலும் ரைட் கம்பைனிங்காகத்தான் (எழுதுவதைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் முறையில்) மேப் ஆகும். எழுதினால் பறக்கும், வாசித்தால் நொண்டும். சாதாரண ராமில் படத்தின் ஒரு பிரதி வைத்து, எழுத்தை அதிலேயே நகர்த்திவிட்டு, அதை அப்படியே ஃபிரேம்பஃபரில் கொட்டுங்கள்.

உப்புவெளிக்காரன்:
அட, படகு நேர வரி ஆமையாய் ஊர்வது அதனால்தானா! இன்றிரவே மாற்றிப் பார்க்கிறேன்.